கை காட்டுபவர்

மேல்வீட்டுக் கதவு காற்றில் அறைந்து சாத்திய சத்தம் அவளை உலுக்கவில்லை. அதே நொடியில் கணவனின் உள்ளங்கை சாப்பாட்டு மேசைமேல் பட்டென்று விழுந்ததுதான் உலுக்கியது. அவருக்குத்தான் காது கேட்காதே.

கேட்காது என்றால் துளியும் கேட்காது. முப்பது வருடம் சினிமாப் பின்னணி இசைக் குழுவில் பெரிய முரசும் வெண்கலத் தட்டும் வாசித்தவர். கூட வாசித்தவர்கள் வைத்த பெயர் இடி. அந்த வெண்கலமே முதலில் இடது காதைத் தின்றது, பிறகு வலதைத் தின்றது. இந்த இரண்டு வருடமாக, பின்னால் ஒரு பாத்திரக் கடையே சரிந்து விழுந்தாலும் அவர் திரும்ப மாட்டார். பேச வேண்டுமானால் எதிரில் போய் நின்று வாயசைவைக் காட்ட வேண்டும். இருந்தும் அவள் அடுத்த அறையிலிருந்து "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வது இன்னும் நிற்கவில்லை.

அவள் தொழிலும் அதே சினிமா இசைதான். வாசித்துப் பதிவான இசையைப் படத்தோடு பொருத்துவாள். எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எங்கே நறுக்க வேண்டும், எந்த அடியை எத்தனை இம்மி முன்னே தள்ள வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. வேலையிடத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அன்று ஞாயிறு, மதியம். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் அவர் சன்னலைப் பார்த்தபடி இருக்க, அவருடைய வலது ஆள்காட்டி விரல் மட்டும் மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. விநாடிக்கு ஒன்று. எட்டுத் தட்டு. பிறகு கை உயர்ந்தது. கதவு அறைந்தது. கை விழுந்தது.

அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "என்னங்க அது?" என்றாள்.

"எது?"

"மேசையை அடிச்சீங்களே."

"அடிச்சேனா?" அவர் தன் கையைப் புரட்டிப் பார்த்தார், கடையில் வாங்கிவந்த சாமானைப் பார்ப்பதுபோல. "அடிச்ச கை சும்மா இருக்குமா, கத்திரி? அது பாட்டுக்கு அடிச்சிருக்கும்."

தரை அதிர்ந்திருக்கும், காலில் உணர்ந்திருப்பார் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். காது போனவர்களுக்குப் பாதம் கூர்மையாகிவிடும் என்பதும் பொய்யில்லை. ஆனால் அவள் கண் இருபது வருடம் ஒரே வேலையில் பழகிய கண். ஒரு விநாடிப் படம் என்பது இருபத்து நான்கு அசையாப் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். ஒலி இரண்டு ஃப்ரேம் பிந்தினாலே அவளுக்குக் கண்ணில் மண் விழுந்தது போலிருக்கும். அதிர்வு தரைக்கு வந்து, காலுக்கு வந்து, மூளைக்குப் போய், கைக்கு ஆணை வருவதற்குக் குறைந்தது ஐந்து ஃப்ரேம் பிடிக்கும். அவர் கை அந்த ஐந்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதுகூடப் போகட்டும். கை உயர்ந்தது கதவு அறைவதற்கு முன்னால்.

புதன்கிழமை மாலை விரல் மறுபடி தொடங்கியபோது, அவள் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துப் படம்பிடித்தாள். இந்தமுறை தொண்ணூற்றாறு தட்டு. தொண்ணூற்றாறில் அவர் கை மேசையில் விழ, வாசல் விளக்கு வெடித்துக் கண்ணாடித் தூள் வாசற்படியில் மழையாகக் கொட்டியது. அவருக்கு முதுகுப் பக்கம். அவர் திரும்பவில்லை.

மறுநாள் அதை வேலையிடத்துக்குக் கொண்டுபோனாள். ஒலிகளைக் கலக்கும் அந்த அறைக்குச் சன்னல் இல்லை. சுவரெல்லாம் துணி பொதிந்திருக்கும், உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் காதில் பஞ்சு வைத்ததுபோல் இருக்கும், பழைய கம்பள வாசனையும் சூடேறிய கருவிகளின் வாசனையும் கலந்து தொண்டையில் நிற்கும். ஒலி கலப்பவன் அவளைவிடப் பத்து வயது இளையவன், வாய் மட்டும் நாற்பது வயது மூத்தது.

"வாங்க கத்திரிக்கா. இன்னைக்கு யாரைக் கொல்றோம்?"

அவர்கள் அந்த மாதம் செய்துகொண்டிருந்தது ஒரு பேய்ப்படம். ஒரு பெண் அலமாரியைத் திறக்கிறாள்; அவ்வளவுதான் காட்சி. பார்க்கிறவர்கள் அந்த இடத்தில் நாற்காலியைவிட்டு எழும்ப வேண்டும். சத்தத்தைக் கூட்டினால் போதும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. பயமுறுத்துவது சத்தமில்லை, சத்தத்துக்கு முன்னால் இருக்கும் பள்ளம். முதலில், காதுக்கு இருப்பதே தெரியாத அடிநாதங்களை எடுத்துவிட வேண்டும். மின்விசிறியின் முனகல், தூரத்துச் சாலை, சுவரின் உறுமல் எல்லாவற்றையும் ஒவ்வொரு பிடியாக, ஒருவரும் கவனிக்காத நிதானத்தில் இறக்க வேண்டும். கேட்கிறவனுக்கு ஏதோ குறைகிறது என்று மட்டும் படும். அவன் காது தானாகவே எட்டிப் பார்க்கும், இருட்டில் கண்ணின் பாவை விரிவதுபோல. அப்படி விரிந்து நிற்கும் காதில்தான் அடி விழ வேண்டும்.

அந்த அடிக்கு அவள் எப்போதும் எடுப்பது கணவரின் பழைய பதிவுகளைத்தான். "அடிக்க எந்தக் குரங்குக்கும் தெரியும், எண்ணத்தான் ஆள் வேணும்" என்பார் அவர். உண்மைதான். வாசிப்பவர்கள் எல்லோருக்கும் ஹெட்ஃபோனில் ஒரு க்ளிக் ஓடிக்கொண்டிருக்கும். உலர்ந்த மரக்கட்டையைத் தட்டுவதுபோல, படத்தோடு பிசகாமல் நடக்கும் ஓசை. வயலின்காரர்கள் அதன்மேல் வாசித்துக்கொண்டே போவார்கள். முரசுக்காரர் முந்நூறு க்ளிக் சும்மா நிற்பார். முந்நூற்றொன்றில் ஒரே ஒரு அடி. அதையும் எண்ணிக்கையை மட்டும் நம்பி அடிக்க மாட்டார். கடைசி நொடியில் தலைநிமிர்ந்து பார்ப்பார். எதிரில் மேடைமேல் இசையை நடத்துபவர் அவரைப் பார்த்து இடது கையை நீட்டுவார். கை காட்டுவது என்று அதற்குப் பெயர்.

அவன் அவள் போனிலிருந்த காணொளியைத் திரையில் விரித்தான். மேலே படம், கீழே ஒலியின் அலை. ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினான். கை மேசையைத் தொட்ட ஃப்ரேமும் விளக்கு வெடித்த ஃப்ரேமும் ஒன்றே.

"பூச்சியம்," என்றான். "முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. நீங்க ஒட்டினீங்களா?"

"ஒட்டல."

"விளையாடாதீங்கக்கா."

அவள் சிரிக்கவில்லை. அவன் திரையை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டிருந்தான். "அண்ணனை டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டுங்க," என்றான் கடைசியில்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அவரிடமே கேட்டாள். காப்பிக் குவளையின் விளிம்பில் விரல் ஏற்கெனவே தட்டத் தொடங்கியிருந்தது. நாற்காலியை இழுத்து அவருக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன எண்ணுறீங்க?"

"க்ளிக்."

"எங்க கேக்குது?"

"உள்ள." நெற்றி நடுவைத் தொட்டுக் காட்டினார். "டாக்டர் சொன்னார்ல, சத்தமே வராத காது தானா ஒரு சத்தம் பண்ணிக்கும்னு. மத்தவங்களுக்கு விசில் அடிக்குமாம். நான் முப்பது வருஷம் கேட்டது இதைத்தானே. எனக்கு இதான் வருது."

"அப்புறம் ஏன் அடிக்கிறீங்க?"

"அடிக்கிற இடம் வந்தா அடிக்க வேணாமா?"

"அந்த இடம் வந்துருச்சுன்னு எப்படித் தெரியும்?"

அவர் இவளை விநோதமாகப் பார்த்தார், அடுப்பு சுடும் என்று எப்படித் தெரியும் எனக் கேட்டவளைப் பார்ப்பதுபோல. "கை காட்டுறாருல்ல?"

"யாரு?"

அவர் எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது, இருநூற்று எழுபத்தெட்டு, இருநூற்று எழுபத்தொன்பது. அவர் கண்கள் அவள் முகத்தைவிட்டு நகர்ந்தன. அவள் தோளுக்குமேல், ஃப்ரிட்ஜுக்கும் நடைவழிக்கும் நடுவில் இருந்த மூலையில், ஓர் ஆளின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் போய் நின்றன. தலையை லேசாக ஆட்டினார். கை உயர்ந்து மேசையில் விழுந்தது.

வெளியே ஏதோ ஈரமாக மோதியது. அதன்பின் ஒரு வாளி உருளும் சத்தம். அடுத்த கட்டடத்தில் கயிற்றில் தொங்கி வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஆள் இப்போது கயிற்றில் இல்லை.

ஆட்கள் ஓடிவந்தார்கள், வண்டி வந்தது, சிந்திய வெள்ளை வண்ணத்தின்மேல் மண் போட்டார்கள். அவள் சன்னலில் நின்று அதையெல்லாம் பார்த்தாள். அவள் மனம் ஒரே கணக்கில் நின்றது. எட்டுக்கு ஒரு கதவு. தொண்ணூற்றாறுக்கு ஒரு விளக்கு. இருநூற்றெண்பதுக்கு ஓர் ஆள். தொழில் தெரிந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காத்திருப்பு எவ்வளவு நீளமோ அடி அவ்வளவு பெரிது. ஒரு சின்ன அடிக்காக முரசுக்காரரை யாரும் வெகுநேரம் நிற்க வைப்பதில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே இடது கை விரல் தொட்டி விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கும் நிற்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு அயர்ந்தார். தூக்கத்திலும் போர்வைமேல் விரல் தட்டியது. மூன்று மணிக்கு அவரை எழுப்பிக் கேட்டாள்.

"எத்தனை?"

"இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு."

"எப்ப முடியும்?"

"தெரியல." கொட்டாவி விட்டார். "ரொம்பப் பெரிய பீஸ், கத்திரி. இப்படி ஒண்ணு நான் வாசிச்சதே இல்ல."

அவர்களுடைய ஒரே மகள் வெளியூரில் படிக்கிறாள். ஒல்லியாக, ஓரிடத்தில் நிற்காமல் இருப்பதால் சிட்டு என்று கூப்பிடுவார்கள். அன்று காலை ஏழு மணிப் பேருந்தில்தான் அவள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள்.

அம்மா போன் செய்தாள். எடுத்ததும் எஞ்சின் இரைச்சல்.

"சிட்டு, இறங்கிடு. எந்த ஊரா இருந்தாலும் இறங்கிடு. நான் கார் எடுத்துட்டு வர்றேன்."

"என்னம்மா, கனவு கண்டியா? பேய்ப்படம் வெட்டி வெட்டி உனக்கே முத்திருச்சு."

"சொன்னாக் கேளுடி."

"நடுக்காட்டுல இறங்கி நரிகூடவா பேசிட்டு இருக்கறது? ஏழு மணிக்கு வீட்டுல இருப்பேன். பசிக்குது, ஏதாவது பண்ணி வை."

அதன்பின் இணைப்பு கிடைக்கவில்லை. அவள் ஐந்து முறை முயன்றாள். பிறகு அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியால் அது நடக்கிறதா, அது நடப்பதால் அடி விழுகிறதா? பூச்சியம் ஃப்ரேமில் எது முன், எது பின் என்று சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் தங்கள் கைக்கு எட்டுவதைத்தான் பிடிப்பார்கள். அவளுக்கு எட்டியது அவர் கை.

ஆறு மணிக்கு வெளிச்சம் மஞ்சளாகிச் சுவரில் சாய்ந்தது. ஆறு ஏழுக்கு ஃப்ரிட்ஜின் மோட்டார் நின்றது. அது நிற்கும்வரை ஓடிக்கொண்டிருந்ததையே அவள் உணர்ந்திருக்கவில்லை. பிறகு சாலை. சாலையில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன, சன்னல் வழியே தெரிந்தன, ஆனால் அவற்றின் இரைச்சல் தூரமாகி, மெலிந்து, இல்லாமல் போனது. மேல்வீட்டுக் குழாய். மின்விசிறி. பறவைகள். யாரோ ஒவ்வொரு பிடியாக இறக்குகிறார்கள். நிதானமாக. அவள் செய்வதைவிட நன்றாக. தன் காது விரிந்துகொண்டே போவதை அவள் உணர்ந்தாள். அதை மூடத் தெரியவில்லை.

விரல் நின்றது.

அவர் தலைநிமிர்ந்தார். அவள் தோளுக்கு மேலே. கை உயர்ந்தது.

அவள் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு கையாலும். முப்பது வருட முரசுக் கை, இரும்பு. அவர் முறுக்கினார். அவள் தரையில் மண்டியிட்டு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாற்காலி சாய்ந்தது. பிடித்திருந்தாள். பிடித்திருந்தாள்.

கை விழவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாலை திரும்பி வந்தது. குழாய் சொட்டியது. ஃப்ரிட்ஜ் ஒரு உதறு உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"என்ன காரியம் பண்ணிட்ட?" அவர் குரல் உடைந்தது. கண்ணில் நீர். "முப்பது வருஷத்துல ஒரு அடி விட்டதில்ல நான். ஒண்ணுகூட விட்டதில்லடி."

"க்ளிக் கேக்குதா?"

அவர் கவனித்தார். வெகுநேரம். "இல்ல," என்றார். "நின்னுடுச்சு."

ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. தோளில் பை, கலைந்த தலை, முழங்கையில் ஒரு சிராய்ப்பு, மற்றபடி முழுசாக, உயிரோடு, மகள் நின்றாள். அம்மா கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அவள் பயந்தே போனாள்.

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"என்னடி சொல்ற?"

"பஸ் பாலத்துல சறுக்கிடுச்சு. ஆறே காலுக்கு முன்னாடி இருக்கும். கைப்பிடிச் சுவரை உடைச்சுட்டு முன்சக்கரம் அந்தரத்துல. நாற்பது பேரும் கத்துறாங்க. அப்புறம்…" அவள் கையை விரித்தாள். "நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சுன்னு டிரைவருக்கே தெரியல. பிரேக்கே பிடிக்கலைங்கறார் அந்த மனுஷன். பின்னாடி வந்த வேன்ல ஏறி வந்துட்டேன்."

அம்மா சிரித்தாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகளுக்குத் தட்டில் போட்டுக் கொடுத்தாள், இரண்டாம் முறையும் போட்டாள், போதும் என்றபோதும் போட்டாள். சாப்பிட்டவள் சோபாவில் அம்மா மடியில் தலைவைத்துக் காலை நீட்டினாள். எதிர் நாற்காலியில் அப்பா. அன்று பகலெல்லாம் தட்டிய அவர் விரல்கள் முழங்காலில் அசையாமல் கிடந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தூக்கம்போல் ஒரு சுகம் உடம்பெங்கும் இறங்கியது.

"அடியை விட்டுட்டேன்னு நான் போய்ச் சொன்னேன்," என்றார் அவர் திடீரென்று.

"யார்கிட்டப்பா?" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல், அவருக்குக் கேட்காது என்பதை மறந்து.

"கோவிச்சுக்குவார்னு நினைச்சேன். கோவிச்சுக்கல." அவர் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. "ஒருத்தர் விட்டா பக்கத்துல இருக்கறவங்க எடுத்துக்கணும். குழுன்னா அதானே முறை. வீட்டுல இன்னொரு ஆள் இருக்காளேன்னார்."

"அம்மா, உன் கை ஜில்லுனு இருக்கு," என்றாள் மகள். "நல்லாருக்கு. எடுக்காத."

அவள் குனிந்து பார்த்தாள். தன் வலது கை மகளின் நெற்றிமேல் இருந்தது. ஆள்காட்டி விரல் தட்டிக்கொண்டிருந்தது. விநாடிக்கு ஒன்று. எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை.

எண்ணிக்கை மட்டும் தெரிந்தது. ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்று.

உலர்ந்த மரக்கட்டை. தலையின் நடுவில்.

ஃப்ரிட்ஜ் நின்றது.

மகளை எழுப்ப வாயைத் திறந்தாள். எண்தான் வந்தது. இடது கை மகளின் தலைக்கடியில் இருந்தது. இழுத்தாள். அதற்குள் அவர் எழுந்து வந்து, முன்னால் மண்டியிட்டு, அந்த இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். அன்பாக. புதிதாக வாசிக்க வந்தவளுக்குத் தைரியம் சொல்வதுபோல.

"பதறாத. நானும் கூடவே எண்ணுறேன்."

சாலை போனது. குழாய் போனது. மகளின் மூச்சுச் சத்தம் போனது. மார்பு மட்டும் ஏறி இறங்கியது.

அவர் கண்கள் அவள் தோளுக்கு மேலே போயின. மூலைக்கு அல்ல. கிட்டத்தில்.

விரல் நின்றது. அவள் வலது கை மகளின் நெற்றியைவிட்டு எழும்பி, தோளளவு உயர்ந்து, உள்ளங்கை விரிந்து, அந்தரத்தில் நின்றது. கீழே, மூடிய கண்களோடு, பாதிச் சிரிப்போடு அந்த முகம்.

அவள் பிடரியில் ஒரு சிறு காற்று பட்டது. பின்னால் ஒருவர் கையை உயர்த்தும்போது எழுகிற காற்று.